சத்தம் கேட்கிறது, பேச்சு பிடிபடவில்லை

எனக்கு மிதமான காது கேளாமை இருக்கிறது. இதைச் சொன்னவுடன் பெரும்பாலோர் குரலை உயர்த்திப் பேச ஆரம்பித்துவிடுகிறார்கள். அது எனக்கு அவ்வளவாக உதவுவதில்லை. அமைதியான அறையில் ஒருவர் எதிரே உட்கார்ந்து சாதாரணமாகப் பேசினால் கிட்டத்தட்ட எல்லாமே புரியும். அதே ஆள் ஈரோடு பேருந்து நிலையத்தில் நின்று அதையே சொன்னால் குரல் வருகிறது, யார் குரல் என்று தெரிகிறது, கோபமா சிரிப்பா என்பதுகூடத் தெரிகிறது. என்ன சொன்னார் என்பது மட்டும் பிடிபடாது.

என் மனைவிக்கு ரொம்ப காலம் இதில் சந்தேகம். "வேணும்ங்கறது மட்டும் நல்லாக் காதுல உளுகுது உங்களுக்கு" என்பாள். அவள் பக்கமும் நியாயம் இருந்தது. மிக்ஸி ஓடாதபோது அவள் முணுமுணுத்ததுகூட எனக்குக் கேட்கும். மிக்ஸி ஓடும்போது கத்திச் சொன்னாலும் புரியாது. வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு அது நடிப்பு மாதிரித்தான் தெரியும். இதே நிலையில் இருக்கிற பலரை இப்போது எனக்குத் தெரியும், எல்லோர் வீட்டிலும் இதே சண்டை. அதனால் காதுக்கும் மூளைக்கும் நடுவில் நடப்பதைப் பற்றி நான் படித்தும் கேட்டும் தெரிந்துகொண்டதையும், நடைமுறையில் எனக்குப் பயன்பட்டதையும் எழுதுகிறேன். நான் மருத்துவன் இல்லை, நெசவு நூல் வியாபாரி.

காது பரிசோதனைக்குப் போனால் சத்தம் புகாத ஒரு சின்ன அறைக்குள் உட்கார வைத்து, ஹெட்போன் மாட்டி, 'பீப்' ஒலி கேட்கும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொல்வார்கள். முடிவில் ஒரு வரைபடம் தருவார்கள். ஹெர்ட்ஸ் என்பது சுருதியின் அளவு, எண் கூடினால் சுருதி உயரும். என் வரைபடத்தில் கோடு 250, 500, 1000 ஹெர்ட்ஸ் வரை ஓரளவு நேராகப் போகிறது. 2000ஐத் தாண்டியதும் சரிகிறது. 4000 பக்கம் பெரிய பள்ளம். அதைப் பார்த்ததும், சோதித்த ஆடியாலஜிஸ்ட் (செவித்திறன் நிபுணர்) அம்மா கேட்ட முதல் கேள்வி, "சார், தறியில வேலை பாத்திருக்கீங்களா?"

பார்த்திருக்கிறேன். குமாரபாளையத்தில் அப்பாவுக்குச் சொந்தத் தறிப் பட்டறை இருந்தது. பள்ளிக்கூடம் விட்டு வந்தால் நாடாவுக்குள் வைக்கும் நூல் தார் சுற்றுவேன், படிப்பு முடிந்ததும் தறியிலேயே நின்றேன். நாடா தறி ஓடும் பட்டறைக்குள் 90 டெசிபலுக்கு மேல் போவது சகஜம். நம் தொழிற்சாலை விதிகள் எட்டு மணி நேரத்துக்கு வைத்திருக்கிற எல்லையே 90 டெசிபல்தான். ஆனால் வீட்டை ஒட்டிய பட்டறையில் யார் அளந்து பார்த்தார்கள்? நீண்ட கால இரைச்சல் காதைக் கெடுக்கும்போது முதல் பள்ளம் பெரும்பாலும் இந்த 4000 ஹெர்ட்ஸ் பக்கம்தான் விழும். அந்தப் பள்ளத்தைப் பார்த்தே அவர் என் பழைய தொழிலைச் சொல்லிவிட்டார்.

காதுக்குள் நத்தை ஓடு போலச் சுருண்ட ஓர் உறுப்பு இருக்கிறது. அதில் ஒரு காதுக்குச் சுமார் 15,000 மயிர்ச் செல்கள். உயர்ந்த சுருதி ஒலிகளை வாசல் பக்கத்துச் செல்களும், தாழ்ந்த சுருதியை உள்கோடியில் இருக்கும் செல்களும் பிடிக்கின்றன. மனிதனுக்கு இவை ஒருமுறை அழிந்தால் திரும்ப முளைப்பதில்லை. அழிவது எந்தப் பக்கம் என்பதில்தான் பேச்சின் தலையெழுத்து இருக்கிறது. ஆ, ஈ, ஊ போன்ற உயிரொலிகளின் பலம் பெரும்பாலும் தாழ்ந்த சுருதியில் இருக்கிறது, சத்தமும் அவற்றில்தான் அதிகம். க, ச, ட, த, ப என்று வார்த்தைகளைப் பிரித்துக் காட்டும் வல்லின ஒலிகளோ மெலிந்தவை, கணநேரத்தில் முடிந்துவிடுபவை. அவற்றின் அடையாளம் பெருமளவு உயர்ந்த சுருதியில் கிடக்கிறது. எனவே ஒருவர் பேசினார் என்பதைத் தாழ்ந்த சுருதி எனக்குச் சொல்லிவிடுகிறது. என்ன பேசினார் என்பதைச் சொல்ல வேண்டிய பகுதிதான் போய்விட்டது.

தமிழில் இது எப்படி வெளிப்படும் என்று நானே வீட்டில் சோதித்துப் பார்த்தேன். தாத்தா, பாப்பா, காக்கா. மூன்றிலும் உயிரொலி ஒன்றே, நீளமும் ஒன்றே. மின்விசிறி முழு வேகத்தில் ஓடும்போது பேத்தியை என் முதுகுக்குப் பின்னால் நின்று இவற்றை மாற்றி மாற்றிச் சொல்லச் சொன்னால் எனக்கு மூன்றும் ஒன்றுதான். அவள் முன்னால் வந்து நின்றதும் 'பாப்பா' மட்டும் தனியாகப் பிரிந்துவிடுகிறது, ஏனென்றால் ப சொல்லும்போது உதடு ஒட்டும். தாத்தாவும் காக்காவும் அப்போதும் குழப்பம்தான், நாக்கு உள்ளே செய்வது வெளியே தெரியாது. இதற்கு நேர்மாறாக அம்மா, அப்பா இரண்டும் உதட்டில் ஒரே மாதிரி இருக்கும், ஆனால் காதுக்குச் சுலபமாகப் பிரியும். ம-வின் மூக்கொலி தாழ்ந்த சுருதியில் வருவதுதான் காரணம். காது தவறவிடுவதைக் கண் எடுக்கிறது, கண் தவறவிடுவதைக் காது எடுக்கிறது. உதட்டசைவு இரைச்சலில் பேச்சைப் புரிய வைக்கிறது என்று 1954இலேயே சம்பி, பொலாக் என்ற இருவர் அளந்து காட்டிவிட்டார்கள். இரைச்சல் கூடக் கூட அந்த உதவி அதிகமாகத் தெரிகிறது. எங்கள் பட்டறையில் இந்த ஆராய்ச்சியெல்லாம் தெரியாமலேயே எல்லோரும் வாயசைத்தும் கையைக் காட்டியும்தான் பேசிக்கொண்டோம். இங்கிலாந்தின் லங்காஷயர் பருத்தி ஆலைத் தொழிலாளிகளும் வாயை மிகைப்படுத்தி அசைத்துப் பேசும் ஒரு முறையை வைத்திருந்தார்களாம். ஊர் வேறு, தறி ஒன்று.

தமிழுக்கே உள்ள இன்னொரு சிக்கலும் உண்டு. நம் வாக்கியத்தில் ஆமா இல்லையா என்பது கடைசியில் வரும். முடியும், முடியாது. வரும், வராது. பேசுகிறவர்கள் வாக்கியத்தின் முடிவில்தான் மூச்சைக் குறைத்துக் குரலை இறக்குவார்கள். எனக்குப் பாதி நேரம் 'சரக்கு நாளைக்கு வர...' என்பது வரை தெளிவாக வரும், மிச்சம் லாரிச் சத்தத்தில் போய்விடும். வியாபாரத்தில் இது விளையாட்டில்லை. அதனால் "என்ன சொன்னீங்க?" என்று பொதுவாகக் கேட்பதை விட்டுவிட்டேன். "நாளைக்கு வருமா, வராதா?" என்று கேட்கிறேன். புரிந்த பகுதியை நான் சொல்லி, புரியாத நுனியை மட்டும் கேட்டால் எதிராளிக்கும் எரிச்சல் வருவதில்லை. எண்களை எப்போதும் திருப்பிச் சொல்லி உறுதி செய்துகொள்வேன், அப்புறம் வாட்ஸ்அப்பில் ஒரு வரி எழுதி வாங்கிக்கொள்வேன்.

சரி, ஒலியைப் பெரிதாக்கிக் கொடுத்தால் தீர்ந்துவிடுமே என்று தோன்றும். பாதிதான் தீரும். மயிர்ச் செல்களில் வெளி வரிசையில் இருப்பவை, மெல்லிய ஒலியைப் பெரிதாக்குவதோடு, அடுத்தடுத்த சுருதிகளைக் கூர்மையாகப் பிரித்துக் கொடுக்கும் வேலையையும் செய்கின்றன. அவை போனால் பக்கத்துப் பக்கத்துச் சுருதிகள் ஒன்றோடொன்று கலந்துவிடும், பேச்சும் இரைச்சலும் சேர்ந்தே கலங்கும். கஞ்சி சரியாகப் போடாமல் இழைகள் ஒட்டிக்கொண்ட பாவு நூலைக் கூடுதல் வெளிச்சம் போட்டுப் பார்த்தால் இழை பிரிந்துவிடுமா? ஒட்டியது இன்னும் நன்றாகத் தெரியும், அவ்வளவுதான். இன்னொரு தொல்லையும் உண்டு. மெல்லிய ஒலி கேட்காது, ஆனால் பெரிய ஒலி மற்றவர்களுக்கு உறைப்பது போலவே உறைக்கும். இரண்டுக்கும் நடுவே உள்ள இடம் குறுகிவிடுகிறது. "கொஞ்சம் சத்தமாப் பேசு" என்று கேட்டுவிட்டு, பேசியதும் "ஏன் கத்தற?" என்று முறைக்கும் பெரியவர்கள் எல்லோர் வீட்டிலும் இருப்பார்கள். அது குணக்கேடு இல்லை, காதின் கணக்கு.

காது அனுப்பும் இந்தக் குறைச் சரக்கை வைத்துக்கொண்டு வாக்கியத்தை நெய்து எடுப்பது மூளை. கூட்டத்துக்கு நடுவில் ஒரு குரலை மட்டும் எப்படிப் பிடிக்கிறோம் என்பதை கொலின் செர்ரி என்ற ஆங்கிலேய ஆய்வாளர் சோதித்து 1953இல் வெளியிட்டார். இரண்டு காதுக்கும் வெவ்வேறு பேச்சைக் கொடுத்து, ஒன்றை மட்டும் கவனித்துத் திருப்பிச் சொல்லச் சொன்னார். அதைச் செய்ய முடிந்தது. மறு காதில் வந்ததைப் பற்றிக் கேட்டால், ஆண் குரல் பெண் குரலாக மாறியதைக் கண்டுபிடித்தார்கள். ஆனால் ஆங்கிலம் ஜெர்மனாக மாறியதுகூடத் தெரியவில்லை. 2012இல் நிமா மெஸ்கரானி, எட்வர்ட் சாங் இருவரும் வலிப்பு நோய்ச் சிகிச்சைக்காக மூளையின் மேல் மின்முனை வைக்கப்பட்டிருந்தவர்களிடம் இதையே மூளையிலேயே பார்த்தார்கள். இருவர் ஒரே நேரத்தில் பேசும்போது, யாரைக் கவனிக்கிறோமோ அவர் பேச்சின் வடிவமே மூளையின் கேட்கும் பகுதியில் மேலோங்கிப் பதிவாகிறது.

இதற்கு மூளை சில தந்திரங்களை வைத்திருக்கிறது. முதலாவது, இரண்டு காது. இடப்பக்கத்து ஒலி இடக்காதுக்கு ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான நேரம் முன்னால் வந்து சேரும். அந்த வித்தியாசத்தை வைத்தே மூளை இந்தக் குரல் இங்கிருந்து, அந்த இரைச்சல் அங்கிருந்து என்று பிரிக்கிறது. இரண்டாவது, இடைவெளி. இரைச்சல் ஏறி இறங்கும். இறங்கும் கணங்களில் விழும் துண்டுகளை நல்ல காது பொறுக்கிக்கொள்ளும், என் மாதிரிக் காது தவறவிடும். மூன்றாவது, ஊகம். ரிச்சர்ட் வாரன் 1970இல் ஒரு வாக்கியத்தில் ஓர் ஒலியை வெட்டி எடுத்துவிட்டு அந்த இடத்தில் இருமல் சத்தத்தை வைத்தார். கேட்டவர்கள் முழு வார்த்தையும் காதில் விழுந்ததாகவே சொன்னார்கள். இல்லாத ஒலியை மூளை தானே போட்டு நிரப்பிவிட்டது. எங்களைப் போன்றவர்கள் நாள் முழுக்கச் செய்வது இந்த நிரப்பும் வேலைதான். பேச்சு எதைப் பற்றி என்று தெரிந்தால் நன்றாக நிரப்பலாம். திடீரென்று பேச்சு மாறினால் மூளை பழைய விஷயத்தையே வைத்து நிரப்பும். எல்லோரும் ஒரு சாவுக்குப் போவதைப் பற்றிப் பேசும்போது நான் மட்டும் கல்யாணத்துக்கு என்ன மொய் வைப்பது என்று கேட்டு நின்றது இப்படித்தான்.

இதிலிருந்து எனக்குக் கிடைத்த பாடம் ஒன்றே ஒன்று. சத்தத்தைக் கூட்டுவது முக்கியமில்லை. பேச்சுக்கும் இரைச்சலுக்கும் உள்ள இடைவெளியைக் கூட்டவேண்டும். அதற்கு மிக மலிவான வழி பக்கத்தில் போவது. திறந்த வெளியில் தூரம் பாதியானால் பேச்சு 6 டெசிபல் கூடும், பின்னணி இரைச்சல் அப்படியே இருக்கும். எந்தக் காது மெஷினும் இலவசமாகத் தராத லாபம் இது. இப்போது என் மனைவி சமையலறையிலிருந்து கூப்பிடுவதில்லை. மிக்ஸியை நிறுத்திவிட்டு வருவாள், முதலில் "ஏனுங்க" என்பாள், நான் திரும்பிய பிறகு விஷயத்தைச் சொல்வாள். அந்த ஒரு 'ஏனுங்க' என் மூளைக்கு யாரைப் பிடிப்பது என்று சொல்லிவிடுகிறது. ஒருமுறை புரியாவிட்டால் அதே வார்த்தையைத் திரும்பச் சொல்லாமல் வேறு விதமாகச் சொல்வாள். தவறிய ஒலி திரும்பவும் அங்கேயேதான் தவறும், வேறு வார்த்தையில் தப்பிக்கலாம். பேச்சை மாற்றும்போது "அப்புறம் கரண்ட் பில் விஷயம்" என்று தலைப்பைச் சொல்லிவிட்டுத் தொடங்குவாள். செய்யக்கூடாதது ஒன்று உண்டு. "ஒண்ணுமில்ல, விடுங்க" என்பது. கேட்காமல் போனதைவிட அது வலிக்கும்.

கல்யாண மண்டபம்தான் எங்களுக்குப் பரீட்சை. கிரானைட் தரை, டைல்ஸ் சுவர், திரைச்சீலை இல்லாத ஜன்னல். ஒவ்வொரு ஒலியும் நாலு இடத்தில் மோதித் திரும்பி வந்து, மூளை துண்டு பொறுக்கும் அந்த இடைவெளிகளை எல்லாம் அடைத்துவிடும். தவில் வேறு. இரைச்சலில் எல்லோருமே தங்களை அறியாமல் குரலை உயர்த்துவார்கள். எட்டியென் லொம்பார் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1911இல் சொன்னது இது. ஐந்நூறு பேர் அப்படி உயர்த்தினால் ஒவ்வொருவர் பேச்சும் மற்றவருக்கு இரைச்சல். நான் செய்வது இவ்வளவுதான். ஸ்பீக்கருக்கு முன்னால் உட்காரமாட்டேன். ஓரத்து வரிசையில், இரைச்சல் முதுகுப் பக்கம் இருக்கும்படி, பேசுகிறவர் முகத்தில் வெளிச்சம் விழும்படி உட்காருவேன். ஜன்னலுக்கு முதுகு காட்டி நிற்பவரின் உதடு இருட்டாகத் தெரியும், அவரை மெல்ல நகர்த்துவேன். நல்ல காது எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் முக்கியமான ஆளை வைத்துக்கொள்வேன். உண்மையாகவே பேச வேண்டியவர்களை "வாங்க, வெளியில காத்தாட நிப்போம்" என்று வாசலுக்கு அழைத்துப் போய்விடுவேன். பந்தியில் பேச்சே வேண்டாம், எவர்சில்வர் வாளிகளுக்கு நடுவில் யாருக்கும் எதுவும் கேட்பதில்லை.

காது மெஷினைப் பற்றி. நான் இரண்டு காதுக்கும் போடுகிறேன், போட்டதில் பெரிய நன்மை. ஆனால் முதல் சில வாரம் எல்லாம் கரகரவென்று இருக்கும். செய்தித்தாள் மடிப்பது, தட்டு வைப்பது, தன் குரல், எல்லாமே அதிகப்படியாகத் தெரியும். பல ஆண்டுகளாக வராத ஒலிகள் திரும்ப வரும்போது எது தேவை, எது தேவையில்லை என்று மூளை மறுபடியும் பழக வேண்டும். அதற்கு நாள் முழுதும் போட்டிருக்க வேண்டும். கல்யாணத்துக்கு மட்டும் எடுத்து மாட்டுகிறவர்கள்தான் "இது சரியில்லை" என்று அலமாரியில் வைத்துவிடுகிறார்கள். நாங்கள் போன ஒரு கடையில் சோதனை முடிவதற்குள்ளேயே விலை உயர்ந்த மாடலை எடுத்து முன்னால் வைத்தார்கள், "கூட்டத்துல நூறு சதவீதம் கேக்கும்" என்றார்கள். அப்படிச் சொல்கிறவர்களிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள். முன்பக்க ஒலியை முதன்மையாக எடுக்கும் மைக் அமைப்பு நிஜமாகவே உதவும், இரைச்சலைப் பின்னால் வைத்து உட்கார்ந்தால்தான் அதுவும் உதவும். வாங்கும் முன் இரண்டு விஷயம் கேளுங்கள். 'பீப்' சோதனை தவிர, இரைச்சலுக்கு நடுவில் பேச்சு எவ்வளவு புரிகிறது என்று சோதிப்பார்களா? மெஷினை மாட்டிய பிறகு காதுக்குள் மெல்லிய குழாய் விட்டு, உண்மையில் எவ்வளவு ஒலி போய்ச் சேருகிறது என்று அளப்பார்களா? மைசூரில் உள்ள அகில இந்தியப் பேச்சு மற்றும் செவித்திறன் நிறுவனம் போன்ற பொது நிறுவனங்களும் இருக்கின்றன. தனியார் கடை மட்டுமே வழி என்று நினைக்க வேண்டியதில்லை. வசதி குறைந்தவர்கள் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விசாரிக்கலாம்.

மெஷினுக்குத் துணையாகப் பேசுகிறவர் சட்டையில் மாட்டிக்கொள்ளும் தனி மைக் கிடைக்கிறது. குரல் நேரே காதுக்கு வருவதால் தூரப் பிரச்சினையே போய்விடுகிறது. கூட்டங்களில் இதைவிடப் பயன்பட்டது எனக்கு எதுவுமில்லை. போனில் பேசுவதைவிட வீடியோ காலில் பேசுவது நல்லது. பழைய தொலைபேசி இணைப்பு 3400 ஹெர்ட்ஸுக்கு மேல் எதையும் அனுப்பாது, உதடும் தெரியாது.

என் மைத்துனர் மகளுக்கு வேறு மாதிரி. அவளுடைய 'பீப்' வரைபடம் சுத்தமாக இருக்கிறது, ஆனாலும் ஓட்டலில் தோழிகள் பேசுவது புரிவதில்லை என்கிறாள். 2009இல் ஷேரன் குஜாவா, சார்லஸ் லிபர்மன் இருவரும் சுண்டெலிகளில் ஒன்றைக் காட்டினார்கள். பலத்த இரைச்சலுக்குப் பிறகு மெல்லிய ஒலி கேட்கும் திறன் பழையபடி திரும்பிவிட்டது. மயிர்ச் செல்லுக்கும் நரம்புக்கும் உள்ள இணைப்புகளில் கணிசமான பகுதி மட்டும் திரும்பவே இல்லை. மனிதர்களில் இது எவ்வளவு தூரம் காரணம் என்பதில் இன்னும் விவாதம் நடக்கிறது. கவனக் குறைபாடு போன்ற வேறு காரணங்களும் இருக்கலாம். ஆனாலும் வரைபடம் நன்றாக இருப்பதால் மட்டும் ஒருவர் சொல்வதைப் பொய் என்று தள்ளக்கூடாது.

பலருக்குத் தெரியாத விஷயம் களைப்பு. நிரப்பும் வேலையில் மூளை கவனத்தையும் நினைவையும் செலவழிக்கிறது. கேட்டுப் புரிவதற்கே சக்தி போய்விட்டால், கேட்டதை மனதில் வைக்க மிச்சமிருக்காது. சந்தை நாளில் மாலையானால் எனக்குத் தலை கனத்துவிடும். வீட்டுக்கு வந்து மெஷினைக் கழற்றிவிட்டு அரை மணி நேரம் யாரோடும் பேசாமல் உட்காருவேன், வீட்டிலும் இது பழகிவிட்டது. கேளாமையையும் மறதி நோயையும் சேர்த்துப் பேசுவது இப்போது அதிகமாகியிருக்கிறது. லான்செட் மருத்துவ இதழின் ஆணையம் 2024இல் பட்டியலிட்ட, மாற்றக்கூடிய 14 ஆபத்துக் காரணிகளில் காது கேளாமையும் ஒன்று, அது உண்மை. ஆனால் மெஷின் போட்டால் மறதி வராது என்று விற்பது வேறு. 2023இல் வந்த ஓர் அமெரிக்கச் சோதனையில் மூன்று ஆண்டு பார்த்ததில் ஒட்டுமொத்தமாக வித்தியாசம் தெரியவில்லை. ஏற்கெனவே ஆபத்து அதிகமாக இருந்த பிரிவினருக்கு மட்டும் நினைவும் சிந்தனைத்திறனும் சரிவது ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. பேரன் பேத்தியோடு பேசுவதற்காகப் போடுங்கள், அந்தக் காரணமே போதும்.

பட்டறையை இப்போது அக்கா மகன் நடத்துகிறான். காதடைப்பான் போடச் சொன்னால், "மாமா, நூல் அறுந்தா சத்தத்துலயே தெரியோணும்" என்றான். நல்ல காது உள்ளவர்களுக்கு, அவ்வளவு இரைச்சலில் அடைப்பான் போட்டால் பேச்சும் இரைச்சலும் சேர்ந்தே குறையும், புரிவது குறையாது என்று சொல்லி ஒரு வாரம் போட்டுப் பார்க்கச் சொன்னேன். இப்போது போடுகிறான். பஞ்சு வைப்பது போதாது. நுரை அடைப்பானைக் குச்சி போல உருட்டி, மறு கையால் காதை மேலே பின்னுக்கு இழுத்து, உள்ளே விட்டு, விரியும் வரை பிடித்திருக்க வேண்டும். வெளியே பாதி நீட்டிக்கொண்டிருந்தால் சும்மா வைத்திருப்பது போலத்தான்.

இரைச்சலோடு சம்பந்தமில்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். காலையில் எழுந்ததும் ஒரு காது திடீரென்று மந்தமாகியிருந்தால், சளி என்றோ அழுக்கு என்றோ நினைத்து எண்ணெய் காய்ச்சி ஊற்றிக்கொண்டிருக்காதீர்கள். உள்காது திடீரென்று செயலிழப்பது அவசரநிலை. ஸ்டீராய்டு மருந்து முதல் சில நாட்களில் கொடுத்தால்தான் மீள வாய்ப்பு அதிகம், இரண்டு வாரம் கடந்தால் அந்த வாய்ப்பு வெகுவாகக் குறைந்துவிடும். அன்றைக்கே காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள். அழுக்குதான் என்றால் அவர் ஐந்து நிமிடத்தில் எடுத்துவிட்டு அனுப்பிவிடுவார்.